ஜாஸ் ஃப்யூஷன்: ‘ஹெவி வெதர்’ ஆல்பத்தை வைத்து ஒரு பாலபாடம்

வயலினுக்குப் பக்கத்தில் டிரம் செட்டைப் போட்டால் ஃப்யூஷன். கல்யாண வரவேற்பில் கீபோர்டில் ஒரு கீர்த்தனையை வாசித்து, அடியில் பீட்டை ஓடவிட்டால் அதுவும் ஃப்யூஷன். சினிமாப் பாட்டின் நடுவே சாக்ஸபோன் எட்டிப் பார்த்தால் ‘ஜாஸ் டச்’. இப்படிப் பேசியே பழகிவிட்டோம். அதனால் 1970களில் அமெரிக்காவில் உருவான ஜாஸ் ஃப்யூஷனை முதல்முறை கேட்பவர்கள் ஒரு இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். ஆல்பத்தைப் போடுகிறார்கள். முதல் உருப்படி எழுந்து ஆடச் சொல்கிறது. இரண்டாவது உருக்குகிறது. மூன்றாவது தலைதெறிக்க ஓடுகிறது. ஐந்தாவதில் பார்த்தால் வெறும் தோல் வாத்தியமும் குரலும்தான். ‘கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக் கலக்கியிருக்கிறார்கள்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு ஏன் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். வெதர் ரிப்போர்ட் என்ற குழு 1977-ல் கொலம்பியா நிறுவனம் மூலம் வெளியிட்ட ‘ஹெவி வெதர்’. எட்டு உருப்படிகள், முக்கால் மணி நேரம்கூட ஓடாது. இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஹெட்போன் இருந்தால் நல்லது. ஏன் என்பது பாஸ் கிட்டார் பற்றிச் சொல்லும்போது புரியும்.

கூடையும் ஒட்டுமரமும்

ஒரு கூடையில் நீலம், ருமானி, பங்கனப்பள்ளி என்று மூன்று ரக மாம்பழம் கலந்து கிடக்கலாம். கூடையைக் கவிழ்த்தால் மூன்றும் தனித்தனியே உருண்டுபோகும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவில்லை.

நர்சரியில் விற்கும் ஒட்டுமாங்கன்று அப்படி இல்லை. நாட்டு மாங்கொட்டை போட்டு முளைத்த செடியின் தண்டைச் சீவி, அதில் நல்ல ரகத்தின் கிளை நுனியைப் பொருத்திக் கட்டுகிறார்கள். வெட்டுவாய் இரண்டும் சேர்ந்து வளர்ந்து, கீழிருந்து மேலே சாறு ஓடத் தொடங்கினால்தான் ஒட்டுப் பிடித்தது என்று பொருள். வேர் ஒன்று, கிளை வேறு, மரம் ஒன்றுதான். கைதேர்ந்தவர்கள் ஒரே அடிமரத்தில் மூன்று நான்கு ரகங்களைக்கூட ஒட்டுவார்கள். கிளைக்கு ஒரு ருசி. ஆனால் எல்லாக் கிளைக்கும் தண்ணீர் போவது ஒரே வேரிலிருந்து.

நாம் அன்றாடம் ஃப்யூஷன் என்று சொல்வதில் பெரும்பாலானவை கூடைகள். ‘ஹெவி வெதர்’ பல ரகம் ஒட்டிய மரம். அப்படியானால் வேர் எது, ஒட்டிய கிளை எது, ஒட்டுப் பிடித்த இடம் எங்கே?

வேர்: ஜாஸ் என்ன தந்தது

1940, 50களின் ஜாஸ் வழக்கமாக ஒரு கட்டுக்கோப்பில் போகும். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். இதை ஜாஸ்காரர்கள் ‘ஹெட்’ என்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் அடித்தளத்தின் மேல் அப்போதைக்கப்போது தோன்றுவதை வாசிப்பார்கள். இது ‘சோலோ’. கடைசியில் மறுபடி ஹெட், அதோடு முடியும்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ஒரு வரியை நிலைநாட்டிவிட்டு அதைச் சுற்றிக் கல்பனாஸ்வரம் பாடி, திரும்ப அந்த வரிக்கே வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. நம் பாடகருக்குக் கீழே சுருதி அசையாமல் நிற்கிறது. ராகத்தின் எல்லைக்குள் அவர் உலவுகிறார். ஜாஸ்காரருக்குக் கீழே தரையே நகர்ந்துகொண்டிருக்கிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை கார்டு மாறும். கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டு. அது மாற மாற, எந்தச் சுரம் பொருந்தும், எது உறுத்தும் என்பதும் மாறும். அந்த மாற்றத்தோடு விளையாடுவதில்தான் ஜாஸ்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது.

இரண்டாவது, தாளம். ஒரு தட்டை இரண்டாகப் பிரித்து வாசிக்கும்போது பழைய ஜாஸில் அந்த இரண்டு பாதியும் சமமாக இருக்காது. முதல் பாதி நீளும், இரண்டாம் பாதி சுருங்கும். தட்டை மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் எப்படி இருக்குமோ ஏறக்குறைய அப்படி. இந்த ஊஞ்சல் நடைக்குப் பெயர் ‘ஸ்விங்’. இதைப் பிடித்துக்கொண்டு ஓடுவது டிரம்மரின் சிம்பலும் ஆளுயர டபுள் பாஸும். பாஸ்காரர் தட்டுக்கு ஒரு சுரம் வீதம் கார்டுகளின் வழியே நடந்துகொண்டே இருப்பார்.

கிளை: ராக்கும் ஃபங்க்கும் என்ன தந்தன

1960களில் அமெரிக்க இளைஞர்கள் கேட்டது வேறு. ராக்கிலும், பாடகர் ஜேம்ஸ் பிரௌன் வழி வந்த ஃபங்க் என்ற ஆட்ட இசையிலும் தட்டு சமமாகப் பிரிந்தது. இது நேர் நடை. நாலு தட்டில் இரண்டாவதிலும் நாலாவதிலும் ஸ்னேர் டிரம் ஓங்கி அடிக்கும். பாஸ் நடப்பதில்லை. ஒரு சின்ன வரியைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். இப்படி மாறாமல் சுழலும் வரிக்கு ‘ரிஃப்’ என்று பெயர். கார்டு அடிக்கடி மாறாது. சில சமயம் ஒரே கார்டில் நிமிடக்கணக்கில் நிற்கும்.

கூடவே மின்சாரம் வந்தது. எலெக்ட்ரிக் கிட்டார், எலெக்ட்ரிக் பாஸ், எலெக்ட்ரிக் பியானோ, பிறகு மின்சுற்றாலேயே ஒலியை உருவாக்கும் சிந்தசைசர். ஒலிப்பதிவுக்கூடமும் வெறுமனே வாசிப்பதைப் பதியும் இடமாக இருந்த காலம் போய், ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்து, வெட்டி, ஒட்டி இசையைக் கட்டுகிற இடமாகிவிட்டது.

இதுவரை பார்த்தது: ஜாஸின் சரக்கு, நகரும் கார்டுகளும் அவற்றின் மேல் தோன்றியதை வாசிக்கும் பழக்கமும். ராக், ஃபங்க்கின் சரக்கு, நேர் நடையும் சுழலும் ரிஃப்பும் மின்சார ஒலியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூடைதான் கிடைக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யத் தொடங்கும்போது ஒட்டுப் பிடிக்கிறது.

கத்தி வைத்த ஆண்டு 1969

1969 பிப்ரவரியில் மைல்ஸ் டேவிஸ் நியூயார்க்கில் ‘இன் எ சைலண்ட் வே’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். டிரம்பட் வாசித்தவர், அதற்குள் ஜாஸின் போக்கை ஒருமுறைக்கு மேல் திருப்பிவிட்டவர். அந்தப் பதிவில் மூன்று கீபோர்டுக்காரர்கள், ஒரு எலெக்ட்ரிக் கிட்டார்காரர். டிரம்மர் கிட்டத்தட்ட அசையாத ஒரு நேர் நடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதிவு முடிந்ததும் தயாரிப்பாளர் டியோ மாசெரோ நாடாவை வெட்டி ஒட்டினார். ஆல்பத்தின் பெயர் கொண்ட உருப்படியில் தொடக்கத்தில் கேட்கும் பகுதியேதான் முடிவிலும் வருகிறது. மறுபடி வாசித்ததல்ல, அதே நாடாத் துண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பதிந்து 1970-ல் வந்த ‘பிட்சஸ் ப்ரூ’ இதையே இன்னும் முரட்டுத்தனமாகச் செய்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்க் குழு கட்டினார்கள். கிட்டார்காரர் ஜான் மெக்லாக்லின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, கீபோர்டுக்காரர் சிக் கொரியா ரிட்டர்ன் டு ஃபாரெவர். மைல்ஸிடம் பியானோ வாசித்த ஹெர்பி ஹான்காக் ஃபங்க் பக்கம் சாய்ந்து ‘ஹெட் ஹன்டர்ஸ்’ செய்தார். கீபோர்டுக்காரர் ஜோ ஸாவினுலும் சாக்ஸபோன்காரர் வெயின் ஷார்ட்டரும், பாஸ் வாசித்த மிரோஸ்லாவ் விட்டூஸுடன் சேர்ந்து 1970 இறுதியில் தொடங்கியது வெதர் ரிப்போர்ட்.

ஸாவினுல் வியன்னாவில் பிறந்தவர். சிறுவயதில் அக்கார்டியன். 1959-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, கேனன்பால் அடர்லி குழுவில் பல ஆண்டு வாசித்தார். ‘இன் எ சைலண்ட் வே’ என்ற அந்த மெட்டே அவர் எழுதியதுதான். ஷார்ட்டர் நியூயார்க்குக்குப் பக்கத்து ஊரான நியூஆர்க்காரர். ஆர்ட் பிளேக்கி குழுவிலும் பிறகு மைல்ஸ் டேவிஸ் குழுவிலும் வாசித்தவர். எழுதிய மெட்டுகளுக்காகவே மதிக்கப்பட்டவர். ஆக இருவருமே ஜாஸின் உள்வீட்டுப் பிள்ளைகள். ‘ஜாஸ் தெரியாதவர்கள் ராக் காசுக்கு ஆசைப்பட்டுச் செய்தது ஃப்யூஷன்’ என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வேறு சிலருக்குப் பொருந்தலாம். இந்த இருவரிடம் எடுபடாது.

1976-ல் இவர்களோடு ஃப்ளோரிடாவிலிருந்து ஜாக்கோ பஸ்டோரியஸ் என்ற 24 வயது பாஸ் கிட்டார்காரர் வந்து சேர்ந்தார். டிரம்ஸில் பெருவைச் சேர்ந்த அலெக்ஸ் அக்கூன்யா, தாள வாத்தியங்களில் போர்ட்டோ ரிக்கோவின் மனோலோ பட்ரேனா. ‘ஹெவி வெதர்’ இந்த ஐவர் செய்தது.

‘பேர்ட்லேண்ட்’: கீழே இருப்பது மேலே வந்த கதை

ஆல்பத்தின் முதல் உருப்படி ‘பேர்ட்லேண்ட்’. ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஃப்யூஷன் எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஒரு உருப்படியை வைத்துக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

தொடக்கத்தில் தனியாக ஒரு பாஸ் வரி வருகிறது. அடங்கிய குரலில், கொஞ்சம் குறும்பாக. பாஸ் கிட்டார் என்று நினைப்போம். இல்லை, ஸாவினுலின் ஏ.ஆர்.பி. 2600 சிந்தசைசர். அந்த ரிஃப் சுழலத் தொடங்கியதும் மேலே உச்சஸ்தாயியில் ஒரு மெல்லிய மெட்டு. கிட்டார் மாதிரி இருக்கும். அதுதான் பாஸ் கிட்டார்.

ஜாக்கோ அங்கே பயன்படுத்துவது ‘ஹார்மோனிக்ஸ்’. தந்தியை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் அழுத்தாமல் லேசாகத் தொட்டுக்கொண்டு மீட்டினால், தந்தி முழு நீளத்துக்கு அதிராமல் பகுதி பகுதியாக அதிரும். தடித்த பாஸ் தந்தியிலிருந்து மணியோசை மாதிரி ஒரு மெல்லிய ஒலி எழும். இடது கை சுரத்தை அழுத்தியிருக்க, வலது கையின் கட்டைவிரல் தந்தியைத் தொட, அதே கையின் இன்னொரு விரல் மீட்டுகிறது. ஒரு முழு மெட்டை இப்படி வாசிப்பது சாதாரண வேலை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆல்பம் தொடங்கிய அரை நிமிடத்துக்குள் வேலை இடம் மாறிவிட்டது. கீபோர்டு பாஸாக நிற்கிறது. பாஸ் மெட்டு வாசிக்கிறது. யார் முன்னால், யார் துணைக்கு என்ற பழைய வரிசை கலைந்துவிட்டது. இந்தக் குழு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதும் இதுதான்: நாங்கள் எப்போதும் சோலோ வாசிக்கிறோம், ஒருபோதும் சோலோ வாசிப்பதில்லை.

மேலே கேளுங்கள். ஒவ்வொரு பகுதியாக வந்து அடுக்கிக்கொள்கிறது. சாக்ஸபோன் வரி, பியானோ, அடியில் அசையாமல் நிற்கும் ஒரு சுரம், ஒரு சின்ன இழுவை. எல்லோரும் முணுமுணுக்கும் அந்தப் பிரபலமான மெட்டு வந்து சேர்வதற்குள் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஓடிவிடுகிறது. பழைய ஜாஸில் ஹெட் முதலில் வரும், அதைப் பிரித்து மேய்வது பிறகு. இங்கே தலைகீழ். கட்டிக் கட்டிக் கொண்டுபோய்க் கடைசியில் ஹெட்டைக் கையில் கொடுக்கிறார்கள்.

நீண்ட சோலோ எதுவும் இல்லை. ‘அப்படியானால் இதில் ஜாஸ் எங்கே?’ என்று கேட்கத் தோன்றும். கற்பனையாக வாசிப்பது காணாமல் போகவில்லை, எழுத்துக்குள் இறங்கிவிட்டது. ஸாவினுலின் பழக்கம், கீபோர்டில் உட்கார்ந்து தோன்றியதையெல்லாம் வாசித்து நாடாவில் பதிந்துகொள்வது. பிறகு அதைச் சுரம் பிசகாமல் எழுதி எடுத்து, அதையே மற்றவர்கள் வாசிக்கும் பகுதிகளாகப் பிரித்துக் கொடுப்பார். ‘இது எழுதியதா, அந்த நேரத்தில் தோன்றியதா’ என்று பிரிக்க முடியாமல் நாம் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

பெயரிலும் விஷயம் இருக்கிறது. பேர்ட்லேண்ட் என்பது நியூயார்க்கில் பிராட்வே சாலையில் 52-வது தெருவை ஒட்டி 1949 இறுதியில் திறந்த ஜாஸ் கிளப். ‘பேர்ட்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் நினைவாக வைத்த பெயர். அமெரிக்கா போன புதிதில் ஸாவினுல் அடிக்கடி போன இடம். கவுண்ட் பேஸியின் பெரிய குழு அங்கே வாசித்தது. பதினைந்து பதினாறு பேர் சேர்ந்து ஒரு சின்ன ரிஃப்பை முழங்குகிற அந்தப் பழைய பிக் பேண்ட் துள்ளல்தான் இந்த உருப்படியின் உயிர். அதை ஐந்து பேரும் சில சிந்தசைசர்களுமாகச் செய்திருக்கிறார்கள். மேலோட்டமாகக் கேட்டால் 1977-ன் நடன இசை. கொஞ்சம் தோண்டினால் கீழே 1950-ன் ஜாஸ் கிளப்.

இதன் பிறகு 1979-ல் மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்ற பாட்டுக்குழு, ஜான் ஹென்ட்ரிக்ஸ் எழுதிய வரிகளைச் சேர்த்து இதைப் பாடிப் பதிவு செய்தது. வாயால் பாடக்கூடியது என்பதே இது எவ்வளவு மெட்டுப் பிடிப்புள்ளது என்பதற்குச் சான்று. ‘ஃப்யூஷன் என்றால் வேகம் காட்டுவது’ என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் யோசிக்கலாம்.

ஃப்ரெட் இல்லாத பாஸ்

‘எ ரிமார்க் யூ மேட்’ இரண்டாவது உருப்படி. முதலாவதற்கு முற்றிலும் வேறு முகம். மெதுவானது, ஏக்கம் நிறைந்தது. ஷார்ட்டரின் டெனர் சாக்ஸபோனும் ஜாக்கோவின் பாஸும் மெட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. பாஸ் கிட்டார் பாடும் என்று தெரியாதவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பாடுவதற்குக் காரணம் உண்டு. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு ‘ஃப்ரெட்’ என்று பெயர். வீணையில் மெட்டு என்போமே, அதே வேலை. ஜாக்கோவின் ஃபெண்டர் ஜாஸ் பாஸில் அவை நீக்கப்பட்டிருந்தன. வழவழப்பான பலகைமீது படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசியிருந்தார். ஃப்ரெட் இல்லாததால் வயலினில்போல ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிப் போகலாம். பூச்சு கெட்டியாக இருந்ததால் ஒலி பளிச்சென்று நீண்டு நின்றது. விலை என்னவென்றால், சுருதி முழுக்க விரலின் பொறுப்பு. மயிரிழை தப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும். சாதாரண போன் ஸ்பீக்கரில் இந்த வழுக்கல் பாதி கேட்காது. ஹெட்போன் கேட்டது இதற்காகத்தான்.

டபுள் பாஸுக்கும் ஃப்ரெட் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். ஜாஸின் பழைய பாஸில் இருந்த வழுக்கலை ராக்கின் எலெக்ட்ரிக் பாஸுக்குள் கொண்டுவந்தார் ஜாக்கோ. வேரும் கிளையும் சேர்ந்த இடத்தை விரலால் தொட்டுக்காட்டச் சொன்னால் இந்தப் பலகையைத்தான் காட்டலாம்.

மூன்றாவதான ‘டீன் டவுன்’ மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஜாக்கோ எழுதியது, டிரம்ஸும் அவரே. தட்டுக்கு நாலு என்று பொடிப்பொடியாக உதிரும் அந்த பாஸ் வரியே இங்கே மெட்டு. முன்பு சொன்ன நடக்கும் பாஸும் இல்லை, சுழலும் ரிஃப்பும் இல்லை. ஒரு ஜாஸ் சாக்ஸபோன்காரர் சோலோவில் வாசிக்கும் வாக்கியங்களை ஃபங்க் நடையில் பாஸ் பேசுகிறது. உலகம் முழுக்க பாஸ் பழகுகிறவர்கள் கையை ஒடித்துக்கொள்வது இதில்தான்.

நாலாவது, ஷார்ட்டர் எழுதிய ‘ஹார்லக்வின்’. அடக்கமான வாசிப்பு, ஆனால் எந்தக் கார்டு அடுத்து வரும் என்று ஊகிக்கவே முடியாது. முதல் கேட்பில் பிடிபடாவிட்டால் விட்டுவிடுங்கள். எனக்கும் இதில் சாக்ஸபோனைவிட அடியில் நகரும் கார்டுகள்தான் பிடித்தம்.

இதுவரை பார்த்தது: நான்கு உருப்படியும் நான்கு மாதிரி. ஆனால் நான்கிலும் ஒரே காரியம் நடக்கிறது. மெட்டு வாசிப்பவர், துணை நிற்பவர் என்ற பிரிவு அழிந்திருக்கிறது. மேலே தெரிவது ராக்கின் நடையும் ஒலியும். உள்ளே ஓடுவது ஜாஸின் பேச்சு.

இரண்டாம் பக்கம்: காங்கா, நடனக்கூடம், தபலா

அந்தக் காலத்து எல்.பி. தட்டில் பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம். தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியை இவர்கள் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். திருப்பிப் போட்டதும் வருவது ‘ரும்பா மமா’. சிந்தசைசர் இல்லை, சாக்ஸபோன் இல்லை, பாஸ்கூட இல்லை. பட்ரேனாவின் குரலும், அவரும் அக்கூன்யாவும் வாசிக்கும் காங்கா முதலான தாள வாத்தியங்களும் மட்டும். 1976-ல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ விழாவில் மேடையில் வாசித்ததை அப்படியே எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். கைத்தட்டலோடு.

‘இது எப்படி ஃப்யூஷன்?’ என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு அடுத்த உருப்படி பதில் சொல்கிறது. ‘பலேடியம்’ ஷார்ட்டர் எழுதியது. பலேடியம் நியூயார்க்கின் புகழ்பெற்ற மாம்போ நடனக்கூடம். அதே பிராட்வே சாலை, 53-வது தெரு. அதாவது பேர்ட்லேண்டிலிருந்து பொடிநடை. கியூபா, போர்ட்டோ ரிக்கோ வழி வந்த லத்தீன் தாளங்களுக்கு ஊரே ஆடிய இடம். ஜாஸ்காரர்கள் ஒரு வாசலில் வாசித்துவிட்டு இன்னொரு வாசலில் போய் ஆடிய காலம் அது. லத்தீன் தாளம் ஜாஸுக்குள் வந்தது 1970களில் அல்ல. டிரம்பட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பி 1940களிலேயே கொண்டுவந்துவிட்டார். ஆகவே தனியாக நிற்பதுபோல் தெரியும் ‘ரும்பா மமா’ வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல. வேரிலேயே இருந்த ஒன்றை மண்ணைத் தள்ளிவிட்டுக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். முதல் பக்கம் பேர்ட்லேண்டில் தொடங்குகிறது, இரண்டாம் பக்கத்தில் பலேடியம் வருகிறது. அடுத்தடுத்த தெருக்களின் இரண்டு கூடங்கள், தட்டின் இரண்டு பக்கங்கள்.

‘தி ஜக்ளர்’ ஸாவினுலின் உருப்படி. இதில் ஜாக்கோ மாண்டலின் குடும்பத்தைச் சேர்ந்த, தாழ்ந்த குரல் கொண்ட மாண்டசெல்லோ வாசிக்கிறார். ஸாவினுல் தபலாவைக் கையில் எடுத்திருக்கிறார். தபலா என்று அட்டையில் பார்த்ததும் ‘இந்தியத் தாக்கம்’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். நிதானம் வேண்டும். இங்கே வந்திருப்பது தபலாவின் ஒலி. அதன் சொற்கட்டும் தாள ஆவர்த்தக் கணக்கும் வரவில்லை. சமையலுக்கு நடுவே நிறத்துக்குச் சேர்த்த ஒன்று என்றால் போதும்.

இலக்கணத்தோடு ஒட்டினால் எப்படி இருக்கும் என்று தெரிய, அதே காலத்தின் ஷக்தி குழுவைக் கேட்க வேண்டும். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை விட்ட மெக்லாக்லின், சென்னையில் பிறந்த வயலின் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயகராம் ஆகியோருடன் 1970களின் நடுவில் கட்டியது. மின்சார ஒலியைக் கிட்டத்தட்டத் துறந்துவிட்டார்கள். ஆனால் கோர்வையும் கணக்கும் மெக்லாக்லினின் கிட்டாருக்குள்ளேயே இறங்கியிருக்கும். வாத்தியப் பட்டியலைப் பார்த்து ஃப்யூஷனை எடை போட முடியாது என்பதற்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதே போதும்.

கடைசி உருப்படி ‘ஹவோனா’, ஜாக்கோ எழுதியது. அதிவேகம். சாக்ஸபோன், பியானோ, பாஸ் எல்லோருக்கும் நல்ல இடம் இருக்கிறது. ஆல்பம் முழுக்க அடக்கி வைத்திருந்த சோலோவை இங்கே திறந்துவிடுகிறார்கள். ஸாவினுல் இதில் தனியாக வாசிப்பது சிந்தசைசரில் அல்ல, சாதாரண பியானோவில்.

எட்டு மாதிரி இருந்தும் ஏன் ஒரே ஆல்பம்

முதல் காரணம் ஒலி. ஜாக்கோவின் ஃப்ரெட் இல்லாத பாஸ், ஷார்ட்டரின் சிக்கனமான சாக்ஸபோன், ஸாவினுலின் ஓபர்ஹைம் பாலிஃபோனிக் சிந்தசைசர் ஆகிய மூன்றும் ‘ரும்பா மமா’ தவிர வேறு எங்கே போனாலும் கூடவே வருகின்றன. ஓபர்ஹைமுக்கு முன் சிந்தசைசர்கள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே சுரத்தைத்தான் எழுப்பும். பல சுரம் சேர்ந்து எழுந்ததால்தான் ஸாவினுலால் ஒற்றைக் கையில் ஒரு காற்று வாத்தியப் பட்டாளத்தையே கொண்டுவர முடிந்தது.

இரண்டாவது காரணம், முன்பே பார்த்த அந்த இடமாற்றம். எந்த வாத்தியம் எந்த வேலை செய்யும் என்று முன்கூட்டியே தீர்மானம் இல்லை. மெதுவானதிலும் வேகமானதிலும் இது மாறவில்லை. பாணி மாறுகிறது, பழகும் முறை மாறவில்லை.

பல பாணி வைத்தாலே ஆல்பம் தேறிவிடும் என்றும் இல்லை. ‘ஹெவி வெதர்’ ஐந்து லட்சம் பிரதிகளுக்கான கோல்டு அங்கீகாரம் பெற்றது. டவுன் பீட் என்ற ஜாஸ் பத்திரிகை ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அடுத்த ஆண்டு இதே ஸாவினுல், ஷார்ட்டர், ஜாக்கோ சேர்ந்து செய்த ‘மிஸ்டர் கான்’ ஆல்பத்துக்கு அதே பத்திரிகை கொடுத்தது ஒரே ஒரு நட்சத்திரம். அந்த ஒற்றை நட்சத்திரம் கொஞ்சம் கொடுமைதான். ஆனால் அதில் பல இடங்களில் ஒருவரோடொருவர் பேசுவது குறைந்து, ஸாவினுலின் கீபோர்டு அடுக்குகள் மேலோங்கிவிட்டன என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். லிஃப்டிலும் ஹோட்டல் வரவேற்பறையிலும் ஒலிக்கும் மெத்தென்ற சாக்ஸபோன் இசைக்கு ‘ஸ்மூத் ஜாஸ்’ என்று பெயர். ஃப்யூஷன் வழி வந்ததுதான். மின்சார ஒலியையும் நேர் நடையையும் வைத்துக்கொண்டு, திடீர்த் திருப்பங்களைக் கழித்துவிட்டது. அது பிடிக்கவில்லை என்பதற்காக ஃப்யூஷனையே ஒதுக்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எப்படிக் கேட்பது

வரிசையை மாற்றாதீர்கள், ஷஃபிளை அணைத்துவிடுங்கள். முதல்முறை எதையும் கவனிக்காமல் ஓடவிடுங்கள். இரண்டாம் முறை பாஸை மட்டும் பின்தொடருங்கள். எப்போது தரையாக நிற்கிறது, எப்போது மெட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். மூன்றாம் முறை ஷார்ட்டர் வாசிக்காமல் இருக்கும் இடங்களைக் கவனியுங்கள். நிறைய இருக்கும். நுழைய வேண்டிய இடத்தில் மூன்று சுரத்தோடு நுழைந்து வெளியேறிவிடுவார். இந்த ஆல்பத்தில் அவருக்கு வேலையே இல்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை.

பிறகு, 1979-ல் வந்த ‘8:30’ என்ற மேடைப்பதிவைத் தேடி எடுங்கள். அதில் ‘பேர்ட்லேண்ட்’ வாசிப்பது நாலே பேர்: ஸாவினுல், ஷார்ட்டர், ஜாக்கோ, புதிய டிரம்மர் பீட்டர் எர்ஸ்கின். ஒலிப்பதிவுக்கூடத்தில் அடுக்கியதில் பாதி அங்கே இருக்காது. எது போயிருக்கிறது, எது போகாமல் நிற்கிறது என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.